வயிறு வலிக்குது டீச்சர்

வேதாரண்யம் பக்கம் ஒரு அரசு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். என் வகுப்பில் நான் அதிகம் கேட்பது இந்த வாக்கியத்தைத்தான்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் பக்கம்தான் கரையைக் கடந்தது. பள்ளி மறுபடி திறந்த பிறகு ஒரு பையன் அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருவான். ஓம வாட்டர் கொடுத்தேன். அவன் அம்மாவை வரச்சொல்லி இரண்டு தடவை வீட்டுக்கு அனுப்பினேன். மூன்றாவது தடவை, "நடிக்காதடா, போய் உட்காரு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அன்று மத்தியானம் காற்று கொஞ்சம் பலமாக வீசி ஜன்னல் கதவு படாரென்று சாத்தியது. அவன் ஓடிப்போய் என் மேசைக்கு அடியில் ஒடுங்கிக்கொண்டான். புயலன்று வீட்டு ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறக்க, அவனும் தங்கச்சியும் விடியும்வரை கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்கிறார்கள். அவன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

பயத்தில் வயிறு பிசையும் என்பது நமக்கும் தெரிந்ததுதானே. 'பயமாயிருக்கு' என்ற சொல் அவனுக்கும் தெரியும். ஆனால் அதைச் சொன்னால், "ஆம்பளப் பிள்ளைக்கு என்னடா பயம்" என்பார்கள். வயிற்று வலியை யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவன் சொன்னது பொய்யே இல்லை. நான்தான் அதற்கு மேல் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வருகைப் பதிவு எடுக்கும்போது, "உள்ளேன் டீச்சர்" என்பதோடு அன்றைக்கு மனசு எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். முதல் வாரம் எல்லாரும் 'சந்தோஷம்' என்று ஒப்பித்தார்கள். அப்புறம் நான் என் மனசைச் சொன்னேன்: "பஸ்ஸைத் தவறவிட்டுட்டேன், எனக்குக் கடுப்பா இருக்கு." வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து வீட்டுப் பேச்சு உள்ளே வந்தது. கடுப்பு, ஏக்கம், வெக்கம், திக்குதிக்குன்னு இருக்கு, ஒரு மாதிரியா இருக்கு. அவர்கள் சொன்னதை அப்படியே சார்ட்டில் எழுதி ஒட்டினேன். ஒரு பிள்ளையைத் தரையில் படுக்கவைத்துச் சாக்பீஸால் சுற்றி வரைந்து, எந்த உணர்வு உடம்பில் எங்கே தெரிகிறது என்று புள்ளி வைக்கச் சொன்னேன். கோபத்தைக் காதில் வைத்தார்கள், கைவிரலில் வைத்தார்கள். பயத்துக்கு வைத்த புள்ளிகள் எல்லாம் வயிற்றில்.

படபடப்பு வரும்போது மூச்சுக்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். மல்லிகைப்பூவை மெதுவாக மோந்து பார்க்கணும், சூடான டீயை மெதுவாக ஊதணும். ஐந்து தடவை. கையில் பூவும் இல்லை, டீயும் இல்லை, ஆனாலும் நன்றாக வேலை செய்கிறது.

2023 ஆகஸ்ட் 25 முதல் காலை உணவுத் திட்டம் எங்களைப் போன்ற எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதற்கு முன்பு பத்தரை மணிக்கு வரும் வயிற்று வலியில் பாதி, பசி. இப்போது பொங்கல் சாப்பிட்ட பிறகும் ஒரு பிள்ளைக்கு வலிக்கிறது என்றால், பக்கத்தில் உட்கார்ந்து பேசவேண்டிய வலியோ என்று யோசிக்கிறேன். காய்ச்சல், பேதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான். வீட்டில் அடி, தொடக்கூடாத தொடுதல் என்று ஏதாவது தெரிந்தால் வகுப்பில் விசாரிக்கக் கூடாது; தலைமையாசிரியரிடம் சொல்லி, குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்க வேண்டும்.

சக ஆசிரியர்களிடம் ஒன்று. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு என்றதும் நமக்குப் பிரம்பு மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. மனதளவில் துன்புறுத்துவதையும் அதே பிரிவு தடை செய்கிறது. 'நடிக்காதடா' என்று நான் சொன்னதை எதில் சேர்ப்பது?

போன வாரம் ஒரு பாப்பா, "உள்ளேன் டீச்சர். இன்னைக்குச் சொல்ல மாட்டேன்" என்றாள். சரி என்று அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். மத்தியானம் தட்டுக் கழுவும் இடத்தில் என் புடவையை மெல்ல இழுத்தாள். "இப்ப சொல்லவா?"