பால்சா கிட்டில் எதைப் பார்க்க வேண்டும்? ஒரு ஆர்.சி. விமானம் கட்டியபோது எடுத்த குறிப்புகள்

ரேடியோவால் இயக்கும் (ஆர்.சி.) விமானத்தை பால்சா என்ற லேசான மரத்தில் கட்ட இப்போது வரும் கிட்டுகள் பெரும்பாலும் லேசரில் வெட்டியவைதான். துண்டுகள் கச்சிதமாகப் பொருந்துவதை வைத்து ஒரு கிட் நல்லதா கெட்டதா என்று சொல்லிவிட முடியாது. எந்த மரத்தை எந்தப் பாகத்துக்குப் போட்டிருக்கிறார்கள், டிராயிங்கில் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள், இந்த இரண்டையும்தான் நான் பார்ப்பேன். கிட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே அளவில் வரும் பல கிட்டுகளுக்கும் கீழே உள்ளது பொருந்தும்.

விமானம் மேல்இறக்கைப் பயிற்சி ரகம். இறக்கை நுனிக்கு நுனி 1200 மி.மீ., அகலம் முழுக்க ஒரே 190 மி.மீ. எய்லரான் (இறக்கையில், பக்கவாட்டில் சாய்க்க), எலிவேட்டர் (வாலில், மூக்கை ஏற்றி இறக்க), ரட்டர் (வாலில், இடம் வலம் திருப்ப), த்ராட்டில் (மோட்டார் வேகம்) என நான்கு சேனல். மோட்டார், ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துவது), சர்வோ (எய்லரான் போன்றவற்றை அசைக்கும் சின்ன மோட்டார்), பேட்டரி, ரிசீவர் எல்லாம் தனியாக வாங்க வேண்டும். பெட்டியில் இருப்பது பால்சா, லைட் பிளை (லேசான பிளைவுட்), இரண்டு ஜோடி ஸ்ப்ரூஸ் ஸ்பார் (இறக்கையின் நீளத்துக்கு ஓடும் மரச்சட்டம்), கம்பி, கொஞ்சம் ஹார்டுவேர், முழு அளவு டிராயிங். கட்டிய சட்டத்தின் மேல் சூடாக்கி ஒட்டும் கவரிங் ஃபிலிமும் கிடையாது. இதெல்லாம் வெளியே எழுதியே இருக்கிறது, அதில் ஏமாற்று இல்லை.

மரம்

பசையைத் திறப்பதற்கு முன்னால் சின்னத் தராசை எடுத்தேன். பால்சாவில் ஒரே மரத்திலேயே அடர்த்தி வெகுவாக மாறும். கன மீட்டருக்கு 100 கிலோவுக்கும் கீழே இருக்கும் பலகையும் உண்டு, 200ஐத் தாண்டுவதும் உண்டு. ரிப் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டு) வெட்டிய 2 மி.மீ. பலகைகள் இரண்டையும் நிறுத்தேன். ஒன்று 15 கிராம், இன்னொன்று 27 கிராம். நீள அகலம் இரண்டிலும் ஒன்றே. வெறுங்கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, விரல் நகத்தால் அழுத்தினால் தெரியும்.

இதில் வேடிக்கை, இடது இறக்கையின் ரிப்புகள் முழுக்க ஒரு பலகையிலும் வலது இறக்கையுடையவை முழுக்க இன்னொன்றிலும் வெட்டப்பட்டிருந்தன. அப்படியே கட்டினால் ஒரு பக்கம் கனம், மறு பக்கம் லேசு. எடையை மட்டும் என்றால் லேசான நுனியில் இரண்டு மூன்று கிராம் ஈயம் ஒட்டிச் சரிக்கட்டிவிடலாம். விறைப்பை அப்படிச் சரிக்கட்ட முடியாது. வேகத்தில் ஒரு இறக்கை மற்றதைவிட அதிகம் முறுக்கிக்கொண்டால் டிரிம் (குச்சியைத் தொடாமலே நேராகப் பறக்க வைக்கும் சின்னத் திருத்தம்) எந்த வேகத்திலும் நிலைக்காது. அகலம் முழுக்க ஒன்றே என்பதால் ரிப்புகள் எல்லாம் ஒரே அச்சு. அதனால் இரண்டு பலகை ரிப்புகளையும் சீட்டுக்கட்டு மாதிரி கலந்து, மாற்றி மாற்றி இரு பக்கமும் போட்டுவிட்டேன். நுனி ஒடுங்கும் இறக்கையாக இருந்திருந்தால் இது நடக்காது.

அடுத்தது ரேகை. பால்சாத் தடியை எந்தத் திசையில் அறுத்தார்கள் என்பதைப் பொறுத்துப் பலகையின் குணம் மாறும். ஆண்டு வளையங்களைத் தொட்டபடி அறுத்தால் நீளநீளமாகக் கோடு ஓடும், குறுக்கே எளிதாக வளையும். இதை ஏ ரேகை என்பார்கள். மையத்திலிருந்து ஆரமாக அறுத்தால் பட்டுத் துணி போலப் பளபளக்கும் புள்ளிகள் தெரியும், குறுக்கே வளைக்கப் பார்த்தால் ஒடியும். அது சி ரேகை. ரிப்புக்கும் வால் பலகைக்கும் சி ரேகை வேண்டும். முன்விளிம்பைச் சுற்றி வளைத்து ஒட்டும் தோலுக்கு ஏ ரேகை வேண்டும். இந்தக் கிட்டில் ரிப்புக்குச் சரியான மரம்தான் வந்திருந்தது. தோலுக்குக் கொடுத்த பலகைதான் விறைப்பு. வெளிப்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்து, ஒரு குழாயில் இரவு முழுக்கக் கட்டி வைத்த பிறகே வளைந்தது.

ஒன்றைப் பாராட்ட வேண்டும். மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் இடையில் வரும் ஷியர் வெப் துண்டுகளில் ரேகை செங்குத்தாக ஓடும்படி வெட்டியிருந்தார்கள். படுக்கையாக ஓடினால் அந்தத் துண்டு பேருக்குத்தான் இருக்கும், ஸ்பார் அமுங்கும்போது தாங்காது. வடிவமைத்தவர் இறக்கை கட்டி ஒடித்துப் பார்த்தவர் என்று தோன்றியது. மரத்தைப் பெட்டியில் அடுக்கியவர் வேறு ஆள்.

இறக்கை

ரிப்பின் வடிவம் கிளார்க் ஒய். வர்ஜீனியஸ் கிளார்க் 1922இல் வரைந்தது. 1927இல் அட்லாண்டிக்கைத் தாண்டிய ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ் விமானத்தின் இறக்கையும் இதே வடிவம்தான். பயிற்சி விமானங்களில் இன்னமும் இது ஓடுவதற்கு ஒரு காரணம், வேகம் குறைந்தாலும் சாந்தமாகத் தாங்கும். இன்னொரு காரணம் கட்டுகிறவர்களுடையது: அகலத்தில் முதல் 30 சதவீதத்தைத் தாண்டியதும் அடிப்பக்கம் தட்டை. சமப் பலகையில் டிராயிங்கை விரித்து, மேலே பாலிதீன் போட்டு, நேரடியாக அதன் மேலேயே கட்டலாம். முன்பகுதி மேல்நோக்கி வளைவதால் அங்கே முட்டுக் கொடுக்க வேண்டும். ரிப்போடு சேர்த்தே சின்னக் கால்களை வெட்டியிருந்ததால் அந்த வேலை மிச்சம்.

லேசர் வெட்டிய விளிம்பு கருகியிருக்கும். கருகலின் மேல் மரப்பசை பிடிப்பது குறைவு. 320 நம்பர் உப்புத்தாளால் ஒரே ஒரு இழுப்பு போதும். அதற்கு மேல் தேய்த்தால் பொருத்து தளர்ந்துவிடும். ஸ்பாருக்கு மரப்பசை, ரிப்புக்கு மெல்லிய சி.ஏ. (சட்டென்று பிடிக்கும் சயனோஅக்ரிலேட் பசை), இறக்கை நடுவில் வரும் பிளை இணைப்புக்கு மட்டும் எப்பாக்ஸி. எப்பாக்ஸி கனம், கண்ட இடத்தில் பூசக் கூடாது. சி.ஏ. ஆவி கண்ணைக் கரிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தே செய்தேன்.

டிராயிங் சொல்லாமல் விட்டது வாஷவுட். இறக்கை நுனியின் பின்விளிம்பைக் கொஞ்சம் மேலே தூக்கி முறுக்கி வைத்தால், வேகம் குறையும்போது நடுப்பகுதிதான் முதலில் ஸ்டால் ஆகும், அதாவது தூக்குவிசையை இழக்கும். நுனியில் காற்றுப் பிடிப்பு இருக்கும், எய்லரானும் கேட்கும். அது இல்லாவிட்டால் இறங்கும் நேரத்தில் ஒரு நுனி சட்டென்று சரியும். புதியவர்கள் விமானத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பயிற்சி விமானம் என்று சொல்லிவிட்டு இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதது எனக்கு எரிச்சல். நுனி ரிப்பின் பின்விளிம்புக்கு அடியில் 5 மி.மீ. முட்டு வைத்தேன். 190 மி.மீ. அகலத்துக்கு அது ஏறத்தாழ ஒன்றரை பாகை. உள்ளே வர வர முட்டு குறைந்து, பாதி இறக்கையில் பூஜ்யம். அதே நிலையில் முன்விளிம்புத் தோலை ஒட்டியதும் முறுக்கு பூட்டிக்கொண்டது.

டைஹெட்ரல், அதாவது இறக்கைகள் நுனி நோக்கி மேலே சாயும் கோணம், பக்கத்துக்கு 3 பாகை. அதற்குச் சாய்வுக் கட்டை கிட்டிலேயே இருக்கிறது. ஒரு பாதியைப் பலகையில் அழுத்திப் பிடித்தால் மறு நுனி 63 மி.மீ. உயர வேண்டும். உயர்ந்தது.

உடலும் வாலும்

உடல் பெட்டி வடிவம். லைட் பிளைத் தடுப்புகள், பால்சாப் பக்கங்கள், நாக்கும் துளையுமாகப் பூட்டிக்கொள்ளும். இதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. மோட்டார் உட்காரும் தடுப்பை மட்டும் மாற்றினேன். லைட் பிளை அங்கே போதாது. 3 மி.மீ. பர்ச் பிளையில் அதே அச்சில் வெட்டி, பின்பக்க மூலைகளில் முக்கோணக் கட்டை வைத்து எப்பாக்ஸி போட்டேன்.

வால்தான் கவனிக்க வேண்டிய இடம். எடைமையத்திலிருந்து வால் 600 மி.மீ. பின்னால், மோட்டார் 200 மி.மீ. முன்னால். வாலில் ஒரு கிராம் ஏறினால் மூக்கில் மூன்று கிராம் வைத்தால்தான் சமன் ஆகும். அப்படியிருக்க, கிட்டிலேயே கனமான 4 மி.மீ. பலகையில் வாலை வெட்டியிருந்தார்கள். உட்பகுதியில் சாய்வுச் சட்டங்கள் மட்டும் மிஞ்சும்படி குடைந்து எடுத்ததில் 11 கிராம் குறைந்தது. மூக்கில் 33 கிராம் ஈயம் மிச்சம் என்று கணக்கு.

ஃபிலிம் பற்றிச் சுருக்கமாக: விளிம்பில் ஒட்ட ஒரு சூடு, நடுவைச் சுருக்க அதைவிடக் கூடுதல் சூடு. எண்கள் ஃபிலிமுக்கு ஃபிலிம் மாறும், சுருளோடு வரும் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் முதலில், மேல்பக்கம் பிறகு. சுருக்கும்போது வாஷவுட் கலையாமல் இறக்கையை முறுக்கிப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஜோடி கை இருந்தால் நல்லது.

மோட்டார், எடை

1000 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1000 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டார், 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி., 3 செல் 2200 எம்.ஏ.எச். லிப்போ பேட்டரி, 9க்கு 6 (அங்குலத்தில் விட்டமும் பிட்சும்) புரொப்பல்லர். முழு த்ராட்டிலில் வாட் மீட்டர் 14 ஆம்பியர், 10.9 வோல்ட் காட்டியது. சுமார் 153 வாட். இந்தச் சோதனை ஒன்றைத் தவிர மேசையில் மற்ற எல்லா வேலையும் புரொப்பல்லரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான். சர்வோ திசையைச் சரிபார்க்கும்போது மோட்டார் எதற்கு?

பறக்கும் எடை 750 கிராமுக்குள் என்று பெட்டி சொல்கிறது. எனக்கு 840 வந்தது. கொஞ்சம் பெரிய பேட்டரி, உலோகப் பல் சர்வோ, பர்ச் பிளை, மிச்சம் அந்தக் கனமான மரம். இறக்கைப் பரப்பு 22.8 சதுர டெசிமீட்டர் என்பதால் சதுர டெசிமீட்டருக்கு 37 கிராம் வருகிறது. இந்த அளவுக்கு இது தாராளமாகச் சரி. கிலோவுக்கு 180 வாட்டுக்கு மேல் இருப்பதால் ஏறுவதற்கும் குறைவில்லை.

எடைமையத்தை டிராயிங் முன்விளிம்பிலிருந்து 65 மி.மீ. என்று குறித்திருக்கிறது. அகலத்தில் 34 சதவீதம். பழகிய கைக்கு அது பரவாயில்லை, பயிற்சி விமானத்துக்குப் பின்னால் தள்ளிய கணக்கு. 55 மி.மீ.இல், அதாவது 29 சதவீதத்தில் தொடங்கினேன். வாலைக் குடைந்ததன் பலன் இங்கே தெரிந்தது: பேட்டரியை முன்னால் நகர்த்தியதே போதும், ஈயம் தேவைப்படவில்லை.

பறக்கவிட்டபோது

டிரான்ஸ்மிட்டரைக் குறைந்த சக்தியில் வைத்துத் தூரச் சோதனை செய்தாயிற்று. எதிர்காற்றில் கையால் எறிந்ததும் நேராகவே போனது. எய்லரான் டிரிம் இரண்டு கிளிக். த்ராட்டிலைக் கூட்டியதும் மூக்கு மேலே தூக்கியது. மோட்டார் தடுப்பில் கீழ்ச்சாய்வே இல்லை, டிராயிங்கிலும் இல்லை. மேல் இரண்டு திருகுகளுக்கும் பின்னால் 1 மி.மீ. வாஷர் போட்டேன். திருகுகளுக்கு இடையே 25 மி.மீ. என்பதால் இரண்டேகால் பாகைக்குச் சற்றுக் கூடுதலான சாய்வு கிடைத்தது. தூக்கல் போய்விட்டது.

பிறகு டைவ் சோதனை. நல்ல உயரத்தில், அரை த்ராட்டிலில் நேராகப் போகும்படி டிரிம் செய்து, 45 பாகைக்கு மூக்கைக் கீழே இறக்கி, எலிவேட்டர் குச்சியை விட்டுவிட வேண்டும். வேகமாக மேலே எழும்பினால் மூக்குக் கனம். இன்னும் செங்குத்தாகப் போனால் வால் கனம், உடனே இழுத்துக்கொள்ள வேண்டும். 55 மி.மீ.இல் கொஞ்சம் விறுவிறுப்பாகவே எழும்பியது. பேட்டரியைப் பின்னுக்குத் தள்ளி 58க்குக் கொண்டுவந்ததும் மெல்ல எழுந்தது. அங்கேயே நிறுத்திவிட்டேன். உயரத்தில் ஸ்டால் செய்து பார்த்தால் மூக்கு மட்டும் தாழ்கிறது, இறக்கை சரியவில்லை.

முதல் விமானமாக இந்தக் கிட்டை யாருக்கும் சொல்ல மாட்டேன். ஃபோம் விமானத்தில் தரையிறக்கம் கைவந்தவர்கள், தராசு வைத்திருப்பவர்கள், வால் பலகையைக் குடையத் தயங்காதவர்கள் வாங்கலாம். வடிவமைப்பு நன்றாகவே இருக்கிறது. சக்கரக் கம்பியைப் பிடிக்கும் லைட் பிளைத் தட்டில் மட்டும் இப்போதே ஓரம் பிரிந்து வருகிறது. மீதமிருக்கும் பர்ச் பிளைத் துண்டு அதற்குச் சரியாக இருக்கும். மாற்றிய பிறகு சக்கரத்தோடு ஓடி எழும்புவதைப் பார்க்க வேண்டும்.