உள்ளே போனதும் வெளியே வந்ததும்

சனிக்கிழமை மத்தியானம் அடுத்த வாரத்து டியூட்டி சார்ட்டை ஒட்டுவார்கள். எல்லோரும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். எனக்கு அந்தப் படத்தை வைத்து இரண்டு வேலை உண்டு. பிள்ளைகளை எந்த நாள் யார் பார்த்துக்கொள்வது என்று வீட்டில் பேசி முடிப்பது ஒன்று. அடுத்த ஏழு நாளும் எந்த நேரத்தில், எந்த வேதபகுதியோடு ஆண்டவர் முன் உட்காரப் போகிறேன் என்று ஒரு கோடு போட்ட நோட்டில் குறிப்பது மற்றொன்று.

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், மெடிக்கல் வார்டில், பல வருஷமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஒரு வாரம் காலை டியூட்டி, ஒரு வாரம் மாலை, பிறகு நைட். நைட் என்றால் இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை. தியானத்தைத் திட்டமிடுவதைப் பற்றிச் சபையில் எத்தனையோ செய்திகள் கேட்டிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலும் “அதிகாலை” என்ற சொல் வரும். என் அம்மாவுக்கு அது பொருந்தியது. கருங்கல் வீட்டில் விடியுமுன் எழுந்து, பாயிலேயே முழங்காலிட்டு, சங்கீதம் ஒன்றை வாசித்து, அதன் பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பார். என் அதிகாலையோ வாரத்துக்கு வாரம் இடம் மாறும். சில வாரம் அது டெம்பரேச்சர் பார்க்கும் நேரம். சில வாரம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும் நேரம்.

இது புரியாமல் பல வருஷம் என்னையே குற்றப்படுத்திக்கொண்டிருந்தேன். வருஷக்கடைசி இராத்திரி ஆராதனையில், புது வருஷத்துக்கென்று ஒரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை தருவார்கள். ஒரே வருஷத்தில் வேதப்புத்தகத்தை வாசித்து முடிப்பதற்கான அட்டவணையும் அன்றைக்குக் கிடைக்கும். 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். வாரநாட்களில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் முடிந்துவிடும். ஆதியாகமம் ஐம்பது, யாத்திராகமம் நாற்பது அதிகாரங்களை ஜனவரியிலேயே ஆவலாக முடித்துவிடுவேன். லேவியராகமம் தொடங்கும் சமயத்தில் ஒரு நைட் வாரம் வரும். நான்கு நாள் விட்டுப்போனால் பன்னிரண்டு அதிகாரம் பாக்கி. அதைக் கடன் போல அடைக்கப் பார்ப்பேன். கண் எழுத்தின்மேல் ஓடும், உள்ளே ஒன்றும் இறங்காது. பிப்ரவரி முடியுமுன் அட்டவணை வேதப்புத்தகத்துக்குள் மடங்கிக் கிடக்கும். அந்த அட்டவணையைக் குறை சொல்லவில்லை. அதை வைத்து வருஷந்தோறும் வாசித்து முடிக்கிறவர்களை அறிவேன். என் நாட்களின் அமைப்பு வேறு என்பதுதான் எனக்கு விளங்காமல் இருந்தது.

நோட்டு எழுதத் தொடங்கியது ஒரு நைட் டியூட்டியில் நான் செய்த பிழையால்.

அன்றைக்கு வார்டில் இரண்டு பேரே இருந்தோம்; வரவேண்டிய இன்னொரு சிஸ்டருக்குக் காய்ச்சல். பாட்டி ஒருவருக்கு டிரிப்ஸ் போய்க்கொண்டிருந்தது. பைஸ்டாண்டராக, அதாவது துணைக்கு, இருந்தது அவர் கணவர்தான், எழுபதைத் தாண்டிய தாத்தா. பாட்டில் தீரப் போகிறதோ என்ற பயத்தில் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று தடவை ஸ்டேஷனுக்கு வந்தார். மூன்றாம் தடவை, “ஒருக்க சொன்னா மனசிலாவாதா? போய் இரியும்” என்று நிமிர்ந்துகூடப் பாராமல் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் போனார். பிறகு எமர்ஜென்சியில் இருந்து ஓர் அட்மிஷன் வந்தது. அதன் பின்னால் ஓடினேன்.

நாலு மணிக்கு ரவுண்ட்ஸ் போனபோது பாட்டில் காலியாகி, டியூபில் ரத்தம் ஏறி நின்றது. கையில் செருகியிருந்த வென்ப்ளான் ஊசிக்குழாய் அடைத்துவிட்டது. தாத்தா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, பாட்டியின் கையைத் தன் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ. “கூப்பிட்டிருக்கலாமே தாத்தா” என்றேன்.

“மக்களே, நீ ராத்திரி முழுக்க ஓடிட்டே நிக்கிய. இனியும் வந்து சல்லியப்படுத்தண்டாம்ணு இருந்தேன்” என்றார்.

பாட்டிக்கு ஆபத்து ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் ஊசி குத்தவேண்டி வந்தது. மெலிந்த கை, நரம்பு கிடைக்க இரண்டு தடவை முயன்றேன். இரண்டு தடவையும் தாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்டேன், அவர் தலையை ஆட்டினார். ஆனாலும் என் குரலுக்குப் பயந்து ஒரு மனிதர் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார் என்பது என்னை விடவில்லை. அன்றைக்கு மாலையும் நான் ஜெபித்துவிட்டுத்தான் டியூட்டிக்கு வந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தூங்கமுடியாமல் மகளின் பழைய நோட்டை எடுத்து அந்த வாக்கியத்தை, நான் சொன்னது சொன்னபடியே, எழுதினேன். அதற்குக் கீழே ஒரு வசனம் தானாக வந்தது: “கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும், என் உதடுகளின் வாசலைக் காத்துக்கொள்ளும்.” சங்கீதம் 141:3. சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கிய வசனம். அந்த வாரம் முழுக்க வேறு எதையும் வாசிக்கவில்லை. அந்தச் சங்கீதத்தின் பத்து வசனங்களோடு ஏழு நாளும் இருந்தேன். டியூட்டிக்கு ஏறும் படிக்கட்டில் அந்த ஒரு வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே ஏறினேன்.

வாரத்துக்கு ஒரு பகுதி என்ற முறை அப்படித்தான் வந்தது. பின்னர் 119-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொண்டேன். அதில் 176 வசனங்கள். எட்டெட்டாக 22 பிரிவுகள். எபிரெயு எழுத்துக்களும் இருபத்திரண்டு. ஒவ்வொரு பிரிவிலும் எட்டு வசனங்களும் ஒரே எழுத்தில் தொடங்குமாம். நம் அகரவரிசைப் பாட்டுகள் போல நெஞ்சில் தங்குவதற்காகக் கட்டிய கட்டு. வாரம் ஒரு பிரிவு என்று ஐந்து மாதம் போனது. நைட் வாரம் ஒன்றில், “உமது வசனத்தைத் தியானிக்கும்படி, குறித்த ஜாமங்களுக்கு முன்னே என் கண்கள் விழித்துக்கொள்ளும்” என்ற வசனத்தை அடைந்தபோது, இதை எழுதியவரும் இரவில் முழித்திருந்தவர்தானே என்று ஒரு நெருக்கம் வந்தது. அதிகாலை வாய்க்காதவர்களுக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது. ஜாமக்காரர்களுக்கென்றே வசனங்கள் இருக்கின்றன.

நோட்டில் எழுதும் விதம் வார்டில் இருந்து வந்தது. சிறுநீரகமோ இருதயமோ பலவீனமான நோயாளிகளுக்கு இன்டேக், அவுட்புட் சார்ட் வைப்போம். குடித்த தண்ணீர், கஞ்சி, ஏறிய டிரிப்ஸ் எல்லாம் மில்லி கணக்கில் ஒரு பக்கம். வெளியே போனது மறுபக்கம். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கூட்டுவோம். உள்ளே போனதற்கு ஏற்ப வெளியே போகவில்லை என்றால் கால் வீங்கும், மூச்சு முட்டும். என் நோட்டிலும் இடது பக்கம் “உள்ளே போனது”: அந்த வாரத்துப் பகுதி, அதில் மனசில் தைத்த சொல். வலது பக்கம் “வெளியே வந்தது”: அன்றைக்கு என் வாயில் இருந்து வந்தது, கை செய்தது, செய்யாமல் விட்டது. “இருதயத்தின் நிறைவினால் வாய் பேசும்” என்று ஆண்டவர் சொன்னதை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் காட்டவில்லை. சபையில் கன்வென்ஷன் கூட்டங்கள் நடந்த ஒரு வாரம் இடது பக்கம் நிரம்பி வழிந்தது, மூன்று நாள் செய்தியும் குறிப்பெடுத்திருந்தேன். வலது பக்கத்தில் ஒரு ஸ்டூடண்ட் நர்ஸை எல்லோர் முன்னிலும் அழவைத்தது மட்டும் இருந்தது. அந்தப் பிள்ளையைத் தேடிப்போய்ப் பேச எனக்கு நாலு நாள் ஆனது. அதையும் எழுதியிருக்கிறேன்.

நோயாளியின் பெயர், பெட் நம்பர், வியாதி எதுவும் இந்த நோட்டில் கிடையாது. அது என் பக்திக்காக எடுத்துக்கொள்ளக்கூடிய விஷயம் அல்ல. “இன்றைக்குப் பயந்திருந்த ஒரு தாய்” என்று எழுதினால் போதும், யார் என்று ஆண்டவருக்குத் தெரியும். யாரும் கேட்காமல் படுக்கைப் பக்கம் நின்று ஜெபிக்கவும் மாட்டேன். வார்டில் எல்லா மதத்தாரும் படுத்திருக்கிறார்கள். எழுந்து போகமுடியாத ஒருவர்மேல் என் விசுவாசத்தைச் சுமத்துவது நியாயம் இல்லை. கேட்டால் கையைப் பிடித்து ஜெபிப்பேன். கேட்காதவருக்காகப் படிக்கட்டில் ஜெபிப்பேன்.

தியானம் என்றால் கண்ணை மூடி அமைதியாக இருப்பது என்றே நினைத்திருந்தேன். எங்கள் சபைப் போதகர் ஐயர் ஒரு வேதபாட வகுப்பில் சொன்னார்: முதலாம் சங்கீதத்தில் இரவும் பகலும் “தியானமாயிருக்கிற” என்ற இடத்தில் எபிரெயுவில் இருக்கிற சொல் வாய்க்குள் முனகுவதைக் குறிக்கும், புறா முனகுவதற்கும் அதே சொல்தான் என்று. ஏசாயா 38-ஐத் திறந்து காட்டினார். எசேக்கியா ராஜா சாகும் தறுவாயில் கிடந்து பிழைத்தபின் “எழுதிவைத்தது” என்று சொல்லி வருகிற பகுதி அது. ஒரு நோயாளியின் நோட்டு! “புறாவைப்போல் புலம்பினேன்” என்கிறார் ராஜா. ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் கேட்கும் சத்தம் அதுதானே. அதே வசனத்தின் முடிவில் “கர்த்தாவே, ஒடுங்கிப்போகிறேன், என் காரியத்தை மேற்போட்டுக்கொள்ளும்” என்றிருக்கிறது. வாசித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு டியூட்டி முடிவிலும் நாங்கள் கட்டில் கட்டிலாகப் போய் ‘ஓவர்’ கொடுக்கிறோம்: இவருக்கு இது கொடுத்தாயிற்று, இது பாக்கி, இவரைக் கவனியுங்கள் என்று. அதன் பிறகு பொறுப்பு அடுத்தவர் கையில். அன்று முதல் என் இரவு ஜெபமும் அப்படியே ஆனது. அலங்காரமான வார்த்தை இல்லை. செய்தது இது, செய்யாமல் விட்டது இது, நாளைக்கு இது, நீர் மேற்போட்டுக்கொள்ளும். ஜெபித்த பிறகும் வீட்டில் படுத்துக்கொண்டே வார்டை நினைத்து உழன்ற பழக்கம் இதில்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

திட்டம் முழுவதுமாக நின்றுபோன வாரங்களும் உண்டு. 2017 நவம்பர் 29, புதன்கிழமை ராத்திரி எனக்கு நைட். விடியுமுன் காற்று பிடித்தது. ஒக்கி புயல். வெளியே ரப்பர் மரங்கள் முறியும் சத்தம் வார்டுக்குள் கேட்டது. கரண்ட் போனது, ஜெனரேட்டர் ஓடியது, காலையில் செல்போனில் சிக்னலும் இல்லை. மரம் விழுந்து அடிபட்டவர்கள் வந்தார்கள். கடலில் இருந்தவர்களைப் பற்றி உள்நாட்டில் இருந்த எங்களுக்கு அன்று ஒன்றும் தெரியாது. பிறகு தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று ஊர் ஊராகப் பெயர் வரத் தொடங்கியது.

எங்களோடு வேலை பார்த்த ஒரு சிஸ்டர் கடற்கரை ஊர்க்காரி, கத்தோலிக்கப் பெண். அவளுடைய சொந்தத்தில் ஒருவர் ஆழ்கடலில் இருந்தார். உடை மாற்றும் அறையில் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் பக்கத்தில் உட்காருவேன். வசனம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் வரவில்லை. அந்த மூன்று வாரத்து நோட்டில் “கர்த்தாவே, எதுவரைக்கும்” என்ற இரண்டு சொல்தான் இருக்கிறது. கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

மாதங்களுக்குப் பிறகு ஒரு நைட்டில் அவளே கேட்டாள். மாற்கு ஆறாம் அதிகாரத்தில் சாயங்காலம் படவு நடுக்கடலில் இருக்கிறது, காற்று எதிர்க்கிறது, சீஷர்கள் தண்டு வலிக்க, அதாவது துடுப்புப் போட, வருத்தப்படுகிறதை இயேசு காண்கிறார், நாலாம் ஜாமத்தில் கடல்மேல் நடந்து வருகிறார். “அக்கா, அவரு பாத்துட்டுத்தானே இருந்தாரு. பின்ன எதுக்கு நாலாம் ஜாமம் வர பிந்தினாரு?”

நாலாம் ஜாமம் என்றால் அதிகாலை மூன்று முதல் ஆறு வரை. நைட் நர்ஸுக்கு எது கடினமான நேரம் என்று கேட்டால் அதைத்தான் சொல்வோம். அவளுக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை இடது பக்கம் எழுதி வலது பக்கத்தை வெறுமையாக விட்டேன். அந்தப் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. நைட் வாரங்களில் மாற்கு ஆறைத் திரும்பத் திரும்ப எடுக்கிறேன்.

இப்போது சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் ட்யூஷனுக்குப் போனபின் நோட்டை எடுத்து முக்கால் மணி நேரம் உட்காருவேன். முதல் வேலை போன வாரத்து வலது பக்கங்களை வாசிப்பது. அதில் அடிக்கடி வந்து நிற்கும் குறை எதுவோ, அதைப் பார்த்துத்தான் அடுத்த வாரத்துப் பகுதியைத் தேர்ந்தெடுப்பேன். காலை டியூட்டி வாரமானால் கருங்கல் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் வாசிப்பேன், கிடைக்காவிட்டால் முந்தின நாள் பிடித்த ஒரு வசனத்தை முனகிக்கொண்டு போவேன். மாலை டியூட்டி வாரத்தில் பத்து மணிக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன வீட்டில் நிதானமாக எழுத முடியும்; நீளமான பகுதிகளை அந்த வாரங்களுக்கு வைத்துக்கொள்கிறேன். நைட் வாரத்துக்கு ஏழெட்டு வசனம் போதும், அதற்கு மேல் வைத்தால் பழைய கடன் திரும்பி வந்துவிடும்.

வருகிற வாரம் திங்கள், செவ்வாய், புதன் நைட் என்று சார்ட் வந்திருக்கிறது. மூன்று நாளுக்கும் 130-ஆம் சங்கீதம், எட்டே வசனம். வியாழக்கிழமை நைட் ஆஃப். முன்பெல்லாம் அந்தக் கட்டத்தில் நீண்ட ஜெபம் என்று எழுதி, சாயங்காலம் வரை தூங்கிவிட்டு, எழுந்ததும் அழுவேன். சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று படுத்த எலியாவுக்கு தேவதூதன் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும் தூக்கமும்தான். இந்த வியாழக்கிழமைக் கட்டத்தில் “தூக்கம்” என்று எழுதி, பக்கத்தில் 1 இராஜாக்கள் 19 என்று குறித்திருக்கிறேன்.