அக்கன் குடுத்தனவும்

அக்டோபர் 24

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆறாம் நாள். காலையில் அரைமணி, மாலையில் அரைமணி, அவ்வளவுதான் உள்ளே விடுகிறார்கள். நடுவில் கிடக்கிற பகலை என்ன செய்வது? வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து முதுகு போய்விட்டது. டவுன் பஸ் ஏறிப் பெரிய கோயிலுக்குப் போனேன். சாமி கும்பிட இல்லை. கால் நீட்டி உட்கார ஓர் இடம் வேண்டும்.

அக்டோபர் 25

மருந்து 3,115. அக்கா போன் செய்யவில்லை. நானும்தான்.

அக்டோபர் 26

கேரளாந்தகன் வாசலில் நுழைந்து, ராஜராஜன் வாசலைத் தாண்டி, நேரே விமானத்தின் தெற்குப் பக்கம். அங்கேதான் காலையில் நிழல் இல்லாமல் எழுத்து நன்றாகத் தெரியும் என்றார் ஒரு பெரியவர். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவராம். அடித்தளம் முழுக்க எழுத்து, ஏதோ நோட்டில் எழுதியது போல வரி பிசகாமல். எனக்கு ஒன்றும் படிக்க வரவில்லை. அவர் மனப்பாடமாகச் சொன்னார்: "நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" எல்லாவற்றையும் கல்லிலே வெட்டச் சொன்னது ராஜராஜனின் உத்தரவு. பட்டத்துக்கு வந்த 26ஆம் ஆண்டு, 20ஆம் நாள். அரண்மனைத் திருமஞ்சன சாலையில் இருந்தபோது சொன்னதாம். குளிக்கிற இடத்திலும் கணக்கு.

தனக்கு அடுத்து அக்கா. பெண்டாட்டிகளெல்லாம் அப்புறம்தான்.

அக்டோபர் 27

மழை. கோயிலுக்குப் போகவில்லை. செலவு நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். அக்கா அனுப்பிய நாற்பதாயிரம் அதில் இல்லை. வேண்டுமென்று விடவில்லை, அன்றைக்குக் கையில் பேனா இல்லை.

பேனா இருந்தது.

அக்டோபர் 29

அப்பாவுக்கு மாஸ்க்கைக் கொஞ்ச நேரம் கழற்றினார்கள். பகலெல்லாம் எங்கே போகிறாய் என்றார். சொன்னேன். "நிழல் விழுதாடா?" முதல் கேள்வியே அதுதான்.

எனக்கு எட்டு வயதில் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னது: இந்தக் கோபுர நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது ஒரே கல், எண்பது டன். ஒரே கல் இல்லை, பல கல்லைச் சேர்த்து அடுக்கியது என்று பெரியவர் சொல்லிவிட்டார். நிழலை நானே பார்க்கிறேன். 216 அடி விமானம், வெயில் சாயச் சாய வடக்குப் பிராகாரத்தில் நீளமாகக் கிடக்கிறது. அதில் துண்டை விரித்துக் குடும்பம் குடும்பமாகப் படுத்திருக்கிறார்கள்.

"விழலைப்பா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

அக்டோபர் 31

ஏழாம் பெட், ஏழாம் பெட் என்றே கூப்பிடுகிறார்கள். அப்பாவின் பெயரைச் சொன்னால் நர்ஸுக்கு யாரென்று தெரியவில்லை.

தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர். ஆடவும் பாடவும் ஊர் ஊராகக் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்கள். ஒவ்வொருத்திக்கும் பெயர், எந்த ஊர், எந்தத் தெரு, தெருவில் எந்தச் சிறகு, அதாவது எந்த வரிசை, எத்தனையாவது வீடு, எல்லாம் கல்லில் இருக்கிறது. தென்சிறகு தலைவீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு. ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். தையல்காரன் உண்டு, கணக்கன் உண்டு, நாவிதன் உண்டு. ராஜராஜப் பெருநாவிசன் என்று நாவிதனுக்குப் பட்டமே இருந்திருக்கிறது.

இன்று ஊசி மட்டும் 2,400.

நவம்பர் 1

ராஜராஜன் பிறந்த நட்சத்திரம், சதய விழா. சரியான கூட்டம். உட்கார இடமில்லை, திரும்பிவிட்டேன்.

நவம்பர் 2

தூக்கம் வரவில்லை. பெரியவர் நேற்று முன்தினம் சொன்னது மண்டைக்குள் சுற்றுகிறது. அந்த அக்கன் குந்தவை. கல்வெட்டில் வந்தியத்தேவர் மகாதேவியார் என்று புருஷன் பெயரும் சேர்த்துத்தான் வருகிறது. கட்டிக்கொடுத்துப் போனவள் தம்பி கட்டிய கோயிலுக்கு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படிமம் செய்து வைத்திருக்கிறாள். அப்பாவின் பெயர் "பொன்மாளிகைத் துஞ்சின தேவர்". சுந்தர சோழர் காஞ்சிபுரத்துப் பொன்மாளிகையில் செத்துப்போனதால் அந்தப் பெயர். துஞ்சின என்றால் தூங்கின என்றும் அர்த்தம், இல்லையா? இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அடித்துவிடலாம்.

எங்கள் வீட்டில் இதெல்லாம் நகை விஷயத்தோடு முடிந்துபோனது. அம்மாவின் அட்டிகையை அக்காதான் எடுத்தாள் என்று நான் நாலு பேர் நடுவில் சொன்னேன். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது மாஸ்க்கை எடுத்த ஐந்து நிமிஷத்தில் நிழலைப் பற்றிக் கேட்கிறார்.

இரவு பதினொன்றரைக்குப் போன் செய்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள். "என்னடா ஆச்சு?" ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வதற்குள் அழுதுவிட்டாள்.

நவம்பர் 4

வந்துவிட்டாள். பையில் பிளாஸ்க், இரண்டு புது லுங்கி, எலுமிச்சை ஊறுகாய். யாருக்கு ஊறுகாய்? அப்பாவுக்குத்தான் உப்பே கூடாது என்றிருக்கிறதே. "நீ சாப்பிடுடா" என்றாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேறெதுவும் சொல்லவில்லை.

நவம்பர் 5

அன்னாபிஷேகம். தூரத்திலிருந்துதான் பார்த்தோம், லிங்கம் முழுக்கச் சோறு. உள்ளே நெருங்க முடியாமல் வடக்குப் பிராகாரத்துக்கு வந்து உட்கார்ந்தோம். கல் இன்னும் சூடாக இருந்தது. அந்த உத்தரவைச் சொன்னேன். அக்கன் என்ற இடத்தில் குரல் என்னவோ போலாகிவிட்டது. அவள் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு, "ராஜா, அவனுக்கென்ன" என்றாள்.

மாலையில் உள்ளே போனோம். அப்பா மறுபடி அதையே கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "நல்லா விழுதுப்பா. அதுலதான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம்" என்றாள். மாஸ்க்குக்குள் அவர் சிரித்தது ஆவியாகப் படிந்தது. என்னைப் பார்த்து ஒரு விரலை ஆட்டினார்.

நவம்பர் 6

அக்டோபர் 20, நாற்பதாயிரம், அக்கா கொடுத்தது. நேற்று மருந்து 4,260, அக்கா கொடுத்தது. ஸ்கேன் 5,500, நான். ஆட்டோ 90, நான். காலையில் இட்லி, காபி 110, அக்கா