படிப்பறைக்குள் ஒளித்த படம்

பாடத்திட்டத்தில் இல்லாத புத்தகத்தையும் படிப்பிக்கத் துணிந்தவர் எங்கள் காலத்தில் ஆங்கில சேர் ஒருவர்தான். தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை, பரீட்சை எப்போது நடக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் எடுத்த நாங்கள் எல்லோரும் ஒரே வாங்கில் அடங்கிவிடுவோம். நூலகத்திலிருந்து அட்டை கழன்ற புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார் சேர். ஒஸ்கார் வைல்ட் எழுதிய 'டோரியன் கிரேயின் ஓவியம்'. இருந்தது ஒரே பிரதி. ஆளுக்கு ஓர் இரவு என்று முறை. எண்ணெய் மிச்சம் பிடிக்க ஜாம் போத்தல் விளக்கின் திரியைக் குறைத்துவிட்டு, லண்டன் பிரபுக்களின் விருந்துகளை எழுத்தெழுத்தாக வாசித்தோம்.

கதை மறந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். டோரியன் இருபது வயது அழகன். பசில் என்ற ஓவியர் அவனை வரைகிறார். ஹென்றி பிரபு என்ற வாய்ச்சாலகர், இளமையைவிடப் பெரிதாக உலகில் ஒன்றுமில்லை என்று காதில் ஓதுகிறார். நான் இப்படியே இருக்க, படம் கிழடாகட்டும், அதற்கு என் ஆன்மாவையும் தருவேன் என்று இவன் வாய்விட, அது பலித்துவிடுகிறது. சிபில் என்ற ஏழை நடிகையைக் காதலித்தவன், ஒருநாள் மேடையில் அவள் நடிப்புச் சோபிக்கவில்லை என்பதற்காகவே உதறிவிட்டு வருகிறான். வீட்டில் வந்து பார்த்தால் படத்தின் வாயோரத்தில் ஒரு குரூரம் ஏறியிருக்கிறது. அவள் நஞ்சுண்டு சாகிறாள். அதன்பின் அவன் செய்யும் பாவம் எல்லாம் படத்துக்குத்தான் போகிறது.

சேருக்குப் பிடித்த இடம் பத்தாம் அத்தியாயம். படத்தை ஒளிக்க வேண்டும். வீட்டின் உச்சியில், சின்ன வயதில் தான் விளையாடிப் படித்த அறைக்கு அதைக் கொண்டுபோகிறான் டோரியன். படங்களுக்குச் சட்டம் போடும் ஹப்பார்ட் மூச்சிரைக்க மாடியேறித் தூக்கிவருகிறார். உள்ளே தூசி. அலுமாரியில் அவனுடைய பள்ளிப் புத்தகங்கள், ஓரம் மடிந்தபடியே கிடக்கின்றன.

"ஏன் அந்த அறைக்குக் கொண்டு போனவன்?" என்று கேட்டார் சேர்.

"படிச்ச இடத்துக்குப் பிறகு ஒருத்தரும் போகமாட்டினம், சேர்," என்றான் வாங்கின் அந்தத்தில் இருந்தவன். சட்டைப் பையில் சீப்போடு திரிந்தவன் அவன். 'டோரியன்' என்ற பட்டம் அன்றே வைத்தாயிற்று. சேர் சிரித்து முடித்துவிட்டு, கதையில் வரும் டோரியன் களங்கமில்லாமல் இருந்த ஒரே இடம் அதுதான், அதனால்தான் அங்கே வைக்க அவனுக்கே கூசுகிறது என்றார். பின்னால் பசிலைக் கொல்வதும் அந்த அறையில்தான், டோரியன் சாவதும் அங்கேதான் என்று நாங்களே வாசித்துக் கண்டுபிடித்தோம்.

லண்டனுக்கு வந்தபிறகு ஒருநாள் லங்காம் ஹோட்டல் சுவரில் ஒரு பச்சைத் தகட்டைக் கண்டேன். 1889 ஓகஸ்ட் 30 இல் அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் ஸ்டொடார்ட் அங்கே வைத்த விருந்துக்கு வைல்டும் ஆர்தர் கொனன் டொய்லும் வந்திருந்தார்கள். அந்த ஒரு சாப்பாட்டின் பலன் இந்த நாவலும், ஷெர்லொக் ஹோம்ஸின் இரண்டாவது நாவலும். ஸ்டொடார்ட்டின் பத்திரிகையில் 1890 ஜூலை இதழில் வைல்டின் நாவல் வெளியானதும் விமர்சகர்கள் பாய்ந்தார்கள், டபிள்யூ.எச். ஸ்மித் தன் ரயில் நிலையக் கடைகளிலிருந்து அந்த இதழையே எடுத்துவிட்டது. 1891 இல் புத்தகமாகும்போது 13 அத்தியாயம் 20 ஆனது. புதிதாகச் சேர்ந்த, சிபிலின் தம்பி பழிவாங்கத் திரியும் பகுதி எனக்கு ஒட்டவில்லை. நகையும் வாசனைத் திரவியமும் பட்டியலாக வரும் பதினோராம் அத்தியாயத்தை இன்றும் தாண்டித்தான் போகிறேன்.

நம் பழைய மாணவர் மலரில் கட்டாயம் எழுதவேண்டியது வைல்டின் பள்ளிக்கூடக் கதை. வட அயர்லாந்தின் எனிஸ்கிலனில் இருந்த போர்ட்டோரா றோயல் பாடசாலையின் பழைய மாணவர் அவர். புலமைப்பரிசில் பெற்றதால் கௌரவப் பலகையில் பொன்னெழுத்தில் பெயர் ஏறியது. 1895 இல், வைல்ட் தானே தொடுத்த அவதூறு வழக்கில், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கார்சன் இந்த நாவலின் பத்திரிகை வடிவத்தை மன்றில் வாசித்துக் குறுக்குவிசாரணை செய்தார். கார்சனும் வைல்டும் டப்ளின் ட்ரினிற்றிக் கல்லூரியில் ஒரே காலத்து மாணவர்கள்! அந்த வழக்கு கவிழ்ந்து, தன்பாலுறவுக்காக வைல்ட் குற்றவாளியாகி இரண்டு வருடக் கடூழியச் சிறைக்குப் போனதும், போர்ட்டோரா பலகையில் அவர் பெயரின் மேல் பெயின்ற் அடித்து மறைத்தது. பின்னாளில் உலகமே அவரைக் கொண்டாடியபோது மறுபடி பொன் பூசியது. பாடசாலைகளுக்கு இப்படியும் ஒரு குணம்.

டோரியனைக் கெடுத்தது யார் என்று சேர் கேட்ட கேள்விக்கு எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் இன்னும் தீர்ப்பில்லை. எங்கள் 'டோரியன்' இப்போது ரொறன்ரோவில். சீப்புக்கு வேலை போய்க் கனகாலம். குற்றவாளி ஹென்றிதான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். பத்தொன்பதாம் அத்தியாயத்தை எடுத்துப் பார் என்கிறேன் நான். பசிலை நானே கொன்றேன் என்றால் என்ன சொல்வீர் என்று டோரியன் கேட்க, உனக்குப் பொருந்தாத வேஷம் போடுகிறாய் என்று பகிடியாகத் தட்டிவிடுகிறார் ஹென்றி. தன் வார்த்தை எங்கே போய் நின்றது என்றுகூட அறியாத மனிதர். அறியாதிருந்ததுதான் அவர் குற்றம் என்று ரொறன்ரோவிலிருந்து பதில் வந்திருக்கிறது. கோடைகால ஒன்றுகூடலுக்கு ஆள் லண்டன் வருகிறானாம். மிச்சத்தை நேரில் பேசிக்கொள்கிறோம்.