நயமும் வாதமும்

கனடாவில் ஸ்காபரோவுக்குப் படிக்கப் போகிற பிள்ளைக்கு யாழ்ப்பாணத்தில் எல்லாரும் குளிரைப் பற்றித்தான் புத்தி சொல்லுவார்கள். கணக்கியல் படிக்கப் போனாலும் ஆங்கிலப் பாடம் எடுக்க வேண்டும், அதில் கதையையும் கவிதையையும் தந்து வாதம் எழுதச் சொல்லுவார்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. குளிருக்கென்றால் ஜக்கெற் வாங்கலாம்.

ஓ.எல். (சாதாரண தர) தமிழில் நாங்கள் பழகினது நயம் எழுத. உவமை எது, எதுகை எங்கே, ஓசை எப்படி என்று காட்டிக் கவிஞரைப் புகழ்ந்து முடித்தால் புள்ளி வரும். அங்கே விரிவுரையாளர் கேட்பது ஒரே கேள்விதான்: “சரி, அதனால் என்ன?” உவமை அழகு என்பதை யார் மறுக்கப் போகிறார்கள்? மறுக்க ஆளில்லாத கருத்தை வைத்துக்கொண்டு வாதம் எழுத முடியாது.

விடுமுறைக்குக் கொக்குவிலுக்கு வந்தபோது பாடக் குறிப்புகளையும் கொண்டுவந்தேன். தம்பி ஏ.எல்.லுக்கு (உயர்தரத்துக்கு) தமிழ் எடுக்கிறான். இரண்டு பேரும் ஒரே பாட்டை எடுத்துக்கொண்டு இருந்தோம்: குறுந்தொகை 40, ‘யாயும் ஞாயும்’.

“செம்மண்ணில விழுந்த மழை மாதிரி நெஞ்சு கலந்திட்டுது. அவ்வளவுதானே அக்கா?”

உரும்பிராய்ச் செம்மண்ணைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த உவமையை விளக்கத் தேவையில்லை. ஆனால் இது காதலைப் புகழ்கிற பாட்டில்லை, பயந்துபோன ஒருத்தியைத் தேற்றுகிற பாட்டு என்றேன். தாய்மார் உறவில்லை, தகப்பன்மார் உறவில்லை, நீயும் நானும் முன்பின் அறிந்தவர்களில்லை என்று எதிர்ப்பக்கம் சொல்லக்கூடிய மூன்றையும் பாட்டில் பேசுகிறவனே முதலில் கேள்வியாக எடுத்து வைக்கிறான். பதில் அதற்குப் பிறகுதான் வருகிறது. எங்கள் பாடத்தில் எதிர்வாதத்தைக் கையாளச் சொல்லித் தருவதும் இப்படித்தான். பேசுகிறவன் தலைவன், புலவர் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கவிதையில் வருகிற ‘நான்’ எழுதியவர் அல்ல என்று அங்கே தலைப்பாடாய் அடித்துக்கொள்வார்கள்.

“பயந்தவள் எண்டு பாட்டில எங்க கிடக்கு?”

பாட்டில் இல்லை. பிரிந்துவிடுவான் என்று அஞ்சிய தலைவியின் குறிப்பறிந்து தலைவன் சொன்னது என்று, பாட்டோடு வருகிற கூற்றுக் குறிப்பில்தான் இருக்கிறது.

“அப்ப அது சாட்சியே இல்லை.”

ஸ்டீபன் டூல்மின் என்ற ஆங்கிலேய மெய்யியலாளர் 1958இல் வாதத்தைப் பிரித்துக் காட்டினார். ஒருவர் நிலைநாட்ட வருகிற கருத்து, அதற்கு ஆதாரம், அந்த ஆதாரம் இந்தக் கருத்துக்குப் பொருந்தும் என்று சொல்லாமலே நம்பிக்கொள்கிற விதி. இந்த மூன்றாவதை வகுப்பில் நான் சும்மா எழுதி வைத்திருந்தேன். கூற்றுக் குறிப்பை நம்பலாம் என்பதுதான் என் விதி. தம்பி கை வைத்தது சரியாக அதில். அரிஸ்டாட்டில் சொன்ன மூன்றும், சொல்பவரின் நம்பகம், கேட்பவரின் உணர்ச்சி, தர்க்கம், பரீட்சைக்குப் பாடமாக்க நல்லது. கட்டுரையைத் திருத்த எனக்கு உதவுவது டூல்மின்தான்.

கூற்றுக் குறிப்பை விட்டுவிட்டுப் பாட்டுக்குள்ளேயே தேடினேன். சந்தேகப்படாத ஒருத்தியிடம் ஏன் மூன்று கேள்வி அடுக்க வேண்டும்? ‘பயந்தவள்’ என்பதை வெட்டி ‘தயங்குகிறவள்’ என்று எழுதினேன்.

“தன்னில தானே ஆச்சரியப்பட்டும் கேட்டிருக்கலாமே,” என்றான்.

என் கட்டுரையின் எதிர்வாதப் பந்திக்கு அதையே எடுத்துக்கொண்டேன். ‘யானும் நீயும்’ என்று ஒருத்தியை முன்னால் வைத்துத்தானே கேட்கிறான் என்பது என் பதில். தம்பி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.