எங்க வகுப்புல நாலு சுப்பிரமணி

எங்க பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்கன்னு சங்கத்துல இருந்து போன் வந்தப்ப எதைப் பத்தி எழுதறதுன்னு நான் ரொம்ப யோசிக்கவே இல்லைங்க, எங்க பேரைப் பத்தித்தான் எழுதோணும்னு உடனே தோணிருச்சு. எங்க பேருன்னு சொல்றது என் ஒருத்தன் பேரு இல்ல, ஒம்பதாவது பி பிரிவுல அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப "சுப்பிரமணியம்"னு வாத்தியார் கூப்பிட்டா நாலு பெஞ்சுல இருந்து நாலு "உள்ளேன் ஐயா" வருமே, அந்த நாலு பேரோட பேரு.

காங்கேயம் பக்கத்துல அது ஒரு அதிசயமே இல்லைங்க. கொங்கு நாட்டுல எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கரடு இருக்கும், கரட்டு மேல முருகன் இருப்பாரு. தெக்க பழனி, வடக்க சென்னிமலை, மேக்க போனா மருதமலை, எங்களுக்கு வாசப்படியிலயே சிவன்மலை. அதனால ஊருக்கு ஊரு பழனிச்சாமி, வேலுச்சாமி, கந்தசாமி, சென்னியப்பன், ஆறுமுகம், தண்டபாணி. சிவன்மலைச் சாமிக்கே சுப்பிரமணியசாமின்னுதான் பேரு. ஆண்டவன் உத்தரவுப் பெட்டின்னு அங்க ஒண்ணு உண்டு, நம்ம பசங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ஆனா வெளிநாட்டுலயே பொறந்த பிள்ளைகளுக்காகச் சொல்றேன்: யாராச்சும் ஒரு பக்தர் கனவுல சாமி வந்து இன்ன பொருளை வைன்னு சொல்லுவாரு, அவர் வந்து சொன்னதும் சாமிகிட்ட பூ கேட்டுப் பார்த்து, உத்தரவு கெடச்சா அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில வெப்பாங்க, அடுத்த உத்தரவு வர்ற வரைக்கும் அதுதான் இருக்கும். தைப்பூசத் தேருக்கு அந்தப் பெட்டி முன்னாடி எத்தனை சுப்பிரமணி நின்னுருப்பாங்கன்னு கணக்கே கெடையாது.

எனக்கு அந்தப் பேரு வந்தது அப்பாரு வழியா. எங்க வீட்டுல மூத்த பேரனுக்குத் தாத்தன் பேரு, அதுல பேச்சே கெடையாது. ஆனா பாருங்க, எங்க அம்மா சாகற வரைக்கும் என்னையப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. மாமனார் பேரை வாயில சொல்லக் கூடாதுங்கறது அவங்க காலத்து வழக்கம், அதனால நான் "சாமி", கோவம் வந்தா "ஏனுங் பெரியவரே", பாசம் பொங்கினா "கண்ணு". ரேசன் கடையில பேரு கேட்டாக் கூட என்னையத் தொட்டு "நீயே சொல்லு சாமி"ம்பாங்க. சின்ன வயசுல எனக்கு அது புரியல. அந்தப் பேரு மேல அவங்க வெச்சிருந்த மரியாதை எவ்வளவு பெருசுன்னு இப்ப நெனச்சா தொண்டை அடைக்குது.

சரி, நாலு பேர் கதைக்கு வர்றேன். ரிஜிஸ்டர்ல எங்களைப் பிரிச்சது இனிஷியல்தான், அதுலயும் ரெண்டு பேருக்கு ஒரே இனிஷியல், அப்பா பேரு ரெண்டு பேருக்கும் பழனிச்சாமி. அதனால பசங்களே ஒரு வழி கண்டுபிடிச்சுட்டாங்க. கொப்பரை காயப் போடற களத்துல இருந்து வர்றவன் களத்து சுப்பிரமணி, அவன் சட்டையில எப்பவும் தேங்காப் பருப்பு வாசம் அடிக்கும், பக்கத்துல உட்கார்ந்தா பசி எடுக்கும். அப்பா அரிசி மில்லுல வேலை பார்த்தவன் மில்லு சுப்பிரமணி. சிவன்மலை அடிவாரத்துல வீடு இருந்த நான் மலையடி சுப்பிரமணி. நாலாவது ஆளு பட்டி சுப்பிரமணி. அவங்க வீட்டுக்குக் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் நெலம், இருந்துச்சு, கிளுவை வேலி போட்டு, உள்ள கொழுக்கட்டைப் புல்லும் வேலமரமுமா, காங்கேயம் மாடுங்க ரெண்டு உருப்படி, மீதியெல்லாம் செம்மறி. மூணு மணிக்கு மேல அவன் கண்ணு ஜன்னலையேதான் பார்த்துட்டு இருக்கும், ஏன்னா மணி அடிச்சதும் ஓடிப் போயி ஆட்டைப் பட்டிக்கு ஓட்டோணும்.

இந்த ஏற்பாடு நாங்க புதுசா கண்டுபிடிச்சது இல்லைங்கறதை எங்க தமிழய்யாதான் எங்களுக்குச் சொன்னாரு. சங்கப் புலவர்கள்ல சாத்தன்ங்கற பேரு ஒரு கூட்டத்துக்கே உண்டாம். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார், ஆலம்பேரி சாத்தனார், நம்ம கருவூர்ல இருந்தே கருவூர்ப் பூதஞ்சாத்தனார், கருவூர்ச் சேரமான் சாத்தன். ஊரை வெச்சு, தொழிலை வெச்சுப் பிரிச்சிருக்காங்க. கூலவாணிகன்னா தானிய வியாபாரி, மணிமேகலை பாடினவர் தானிய வியாபாரிடா, அப்பறம் நம்ம மில்லு சுப்பிரமணிக்கு என்ன கொறச்சல்னு ஐயா கேட்டதும் மில்லு சுப்பிரமணி அன்னைக்குப் பூரா நெஞ்சை நிமித்திக்கிட்டே உட்கார்ந்திருந்தான். அதே சாத்தன்தான் இலக்கண உரைகள்லயும் வருவான். எந்த விதிக்கு உதாரணம் வேணும்னாலும் "சாத்தன் வந்தான்", "கொற்றன் வந்தான்". அந்தச் சாத்தனுக்கு முகம் கெடையாது, ஊரு கெடையாது, யாரா வேணும்னாலும் இருக்கலாம். "சாத்தன் கையெழுதுமாறு வல்லன்"னு ஒரு உதாரணம் உண்டு, நல்லா கையெழுத்து எழுதத் தெரிஞ்சவனாம் சாத்தன். முகமே இல்லாத ஆளுக்குக் கூட ஒரு நல்ல கையெழுத்தைக் குடுத்துட்டுப் போன அந்த உரைகாரங்களை எனக்கு ரொம்பப் புடிக்கும்.

இப்ப இன்னொரு சுப்பன். அவனைத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன்.

ஒரு நாள் வேற ஒரு வாத்தியார், பேரு வேண்டாம், பரிட்சைப் பேப்பர் குடுக்கறப்ப எங்க நாலு பேருக்கும் இங்கிலீசுல மார்க் கொறஞ்சு போச்சுன்னு, "குப்பனுக்கும் சுப்பனுக்கும் எதுக்குடா இங்கிலீசு, மாடு மேய்க்கவா"ன்னு சொல்லிட்டாரு. வகுப்பே சிரிச்சுது. சுப்பன் நாங்க, குப்பன் யாருன்னா மூணாவது பெஞ்சு குப்புசாமி, அவன் நல்ல மார்க் வாங்கியிருந்தும் பேருக்காக அந்தப் பேச்சு அவன் மேலயும் விழுந்துருச்சு. பட்டி சுப்பிரமணி தலையைத் தூக்கவே இல்ல.

இது எப்படியோ தமிழய்யா காதுக்குப் போயிருச்சு. மறுநா வந்தாரு, பாடம் நடத்தல, அட்டெண்டன்ஸ் எடுக்கறேன்னு சொல்லி, சாக்பீஸை எடுத்து போர்டுல எழுத ஆரம்பிச்சாரு.

மொதல் பேரு, எட்டயபுரம் சுப்பிரமணியன், வீட்டுல கூப்பிடற பேரு சுப்பையா, 1882ல பொறந்தவரு, பாரதின்னு பட்டம் வாங்கறப்ப அவருக்கு உங்களை விடச் சின்ன வயசுடான்னாரு. அந்தச் சுப்பையா தன்னோட கடைசிக் காலத்துல, 1921 ஜூலை 31ந் தேதி, நம்ம ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலையில வந்து பேசினாரு, தலைப்பு "மனிதனுக்கு மரணமில்லை", அடுத்த செப்டம்பர்ல போய்ச் சேந்துட்டாரு. அதுக்கப்பறம் ஐயாவே எங்களை ஈரோட்டுக்குப் பஸ்ஸுல கூட்டிட்டுப் போயி அந்த எடத்தைக் காட்டினாரு, வர்ற வழியில காசு பத்தாம எல்லாருக்கும் பாதி பாதி டீதான் கெடச்சுது, அது வேற கதை.

ரெண்டாவது, சுப்பிரமணிய சிவா. வ.உ.சி.யோட சேந்து 1908ல தண்டனை வாங்கி, ஜெயில்ல வந்த தொழுநோயோட வெளிய வந்து, அந்த உடம்போடயே ஊரு ஊரா மேடை ஏறி, 1925ல தர்மபுரி பக்கம் பாப்பாரப்பட்டியில கண்ணை மூடினவரு. மூணாவது, கோயமுத்தூரு வக்கீல் சி.கே. சுப்பிரமணிய முதலியார். கோர்ட்டு வேலையோட வேலையா பெரியபுராணம் முழுசுக்கும் ஏழு பாகத்துல உரை எழுதி முடிச்சவரு. இதைச் சொல்றப்ப ஐயா குரல் மாறிருச்சு, அவருக்கு அந்த உரைன்னா உசுரு.

நாலாவது பேரை எழுதறதுக்கு முன்னாடி பட்டி சுப்பிரமணியை எந்திரிக்கச் சொன்னாரு. பொள்ளாச்சி பக்கம் செங்குட்டைப்பாளையம்னு ஒரு ஊரு, அங்க ஒரு விவசாயி வீட்டுல 1910ல பொறந்த பையன், பேரு சுப்பிரமணியம், இப்ப அவர்தான் டெல்லியில நிதி மந்திரி, தெரியுமாடான்னு கேட்டாரு. அவன் தெரியாதுன்னான். பஞ்சம் வந்து அமெரிக்கா கப்பல்ல வர்ற கோதுமைக்கு நாடே காத்துக் கெடந்த காலத்துல உணவு மந்திரியா இருந்தவரு சி. சுப்பிரமணியம், 1966ல மெக்சிகோவுல இருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதை எறக்கினாரு, பார்லிமெண்டுல எத்தனையோ எதிர்ப்பு, அதுக்கு நடுவுல டெல்லியில தன்னோட பங்களா புல்வெளியையே உழுது அந்தக் கோதுமையை வெதச்சுக் காட்டினாரு. மந்திரியானாலும் மண்ணை மறக்காத சுப்பன்டா அவருன்னு ஐயா சொன்னதும் பட்டி சுப்பிரமணி மொகத்துல வந்த ஒரு வெளிச்சம் இருக்குதுங்களே, அதை நான் இன்னும் பார்த்துட்டேதான் இருக்கேன். அந்த வேலையில அவருக்குத் தோளோட தோளா நின்ன விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன், அதுவும் முருகன் பேருதான். 1998ல சி. சுப்பிரமணியத்துக்கு பாரத ரத்னா குடுத்த சேதி வந்தப்ப நான் சிங்கப்பூர்ல ஒரு கப்பல் பட்டறையில இருந்தேன், பக்கத்துல தமிழ் தெரிஞ்ச ஆளு யாரும் இல்ல, இருந்தாலும் வேலை செஞ்சுட்டு இருந்தவங்ககிட்டயெல்லாம் எங்க ஊர்ப் பக்கத்து ஆளு, என் பேருக்காரருன்னு சொல்லிட்டே திரிஞ்சேன்.

கடைசியா ஐயா குப்புசாமி கிட்ட போனாரு. போர்டுல எழுதல, அவன் தோள்ல கையை வெச்சுட்டுத்தான் பேசினாரு. பொறந்த கொழந்தைங்க தங்காமத் தங்காமப் போற வீட்டுல, அடுத்து ஒண்ணு பொறந்தா அதைக் குப்பைமேட்டுல சித்த நேரம் போட்டு எடுப்பாங்க, குப்பையில கெடந்ததுன்னு எமன் எட்டிப் பார்க்காமப் போயிருவான்னு ஒரு நம்பிக்கை, அந்தப் பிள்ளைக்குத்தான் குப்பன், குப்புசாமி, குப்பாயின்னு பேரு வெப்பாங்க. உங்கம்மா உன்னைய எமன் கையில இருந்து ஏமாத்திப் புடுங்கின பேருடா இதுன்னாரு. குப்புசாமிக்கு முன்னாடி பொறந்த ரெண்டும் தங்கலைங்கறது எங்க யாருக்கும் அது வரைக்கும் தெரியாது. அன்னைக்கு அப்பறம் எங்க வகுப்புல "குப்பனும் சுப்பனும்"னு யாரும் கேலியா சொல்லி நான் கேக்கல. இன்னைக்கும் டிவி விவாதத்துலயோ வாட்ஸ்அப்லயோ கண்ட குப்பனும் சுப்பனும்னு யாராச்சும் சொன்னா எனக்குச் சுருக்குன்னு இருக்கும். நாட்டுல பாதிப் பேரு அந்தக் குப்பனும் சுப்பனும்தானுங்க, அவங்க வெதச்சதைத்தான் எல்லாரும் சாப்பிடறோம்.

வெளிநாடு வந்தப்பறம் பேரு வேற மாதிரி ஆயிருச்சு, இது நம்ம சங்கத்துல பாதிப் பேருக்கு நடந்ததுதான். பாஸ்போர்ட்டுல சர்நேம்னு ஒரு கட்டம், அதுல அப்பா பேரைப் போட்டாச்சு, அதனால ஆபீஸ்ல எல்லாருக்கும் நான் மிஸ்டர் பழனிச்சாமி. மொதல்ல யாரோ எங்கப்பாவைக் கூப்பிடறாங்கன்னுதான் தோணும். நட்சத்திரத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி 1983ல நோபல் வாங்கினாரே சுப்ரமணியன் சந்திரசேகர், அதுல சுப்ரமணியன்ங்கறது அவங்கப்பா பேரு, அவரோட பேரு சந்திரசேகர். அது மாறிப் போகாம சந்திரான்னு சுருக்கி, 1999ல விண்வெளிக்கு அனுப்பின டெலஸ்கோப்புக்கும் அந்தப் பேரையே வெச்சுட்டாங்க. அந்த வகையில அவரு குடுத்து வெச்சவரு. எனக்கு எங்கப்பா பேரு ஊரெல்லாம் ஒலிக்குதுங்கறதே சந்தோசந்தான், களத்து மேட்டுக்கு அந்தாண்ட போகாத மனுசன் பேரை சீனரும் மலாய்க்காரரும் தெனமும் சொல்றாங்க.

இப்ப சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வருசம் உறுப்பினர் டைரக்டரி போடப் போறதா கமிட்டியில சொன்னாங்க. அதுல பேரு, இனிஷியல், நாடு, போன் நம்பரோட, பள்ளிக்கூடத்துல கூப்பிட்ட பேருன்னு ஒரு கட்டம் கண்டிப்பா வெக்கோணும், அது இல்லாட்டி பி. சுப்பிரமணியம்னு வரிசையா இருக்கற பேருல யாரு யாருன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள ஆயுசு போயிரும். மனசைப் புண்படுத்தற மாதிரி வெச்ச பட்டப் பேரு வேண்டாம், ஊரையும் வீட்டையும் தொழிலையும் வெச்சு வந்த பேருங்க போதும். ஒம்பதாவது பி குரூப் போட்டோவையும் போடறாங்களாம், கீழ பேரு எழுதறப்ப மேல் வரிசையில எடமிருந்து மூணாவது களத்து, அவனுக்குப் பக்கத்துல மில்லு, கீழ தரையில ஓரமா உட்கார்ந்திருக்கறது நான்.

பட்டி சுப்பிரமணி அந்தப் போட்டோவுல இல்ல. போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடியே அவங்கப்பாவுக்கு ஒடம்பு முடியாமப் போயி படிப்பை நிறுத்திட்டான். அந்தக் கொறங்காடு இப்ப சைட் போட்டு வித்தாச்சுன்னு கேள்விப்பட்டேன், அவங்க ஊத்துக்குளிப் பக்கம் போயிட்டாங்கன்னு ஒருத்தரு சொல்றாரு, இல்ல மூலனூர்னு இன்னொருத்தரு சொல்றாரு. ரிஜிஸ்டர்ல அவன் பேரு இருந்துச்சு, அதனால டிசி வாங்கிட்டுப் போனவன்னு விட்டுராம டைரக்டரியில அவனையும் சேக்கோணும். ஊர்ல இருக்கற ஒறம்பறைங்க மூலமா யாராச்சும் விசாரிச்சு, சங்கத்துச் செயலாளர் கிட்டயோ என்கிட்டயோ சொல்லுங்க. விசாரிக்கறப்ப சுப்பிரமணின்னு மட்டும் கேக்காதீங்க, வீட்டுக்கு ஒருத்தன் வந்து நிப்பான். செம்மறிப் பட்டி வெச்சிருந்தவங்க மவன், எடது புருவத்துல ஆடு முட்டின தழும்பு இருக்கும்னு சொல்லிக் கேளுங்க.