அகமதாபாத்தில் ஒரு சிதம்பரம்

சபர்மதிக் கரையில், உஸ்மான்புராவில், ஒரு வீட்டுக்குப் பெயர் ‘சிதம்பரம்’. குஜராத்தில் அந்தப் பெயரைக் கேட்டால் சிலிர்க்கத்தானே செய்யும்! மாணவர்கள் எல்லோரும் ‘அம்மா’ என்று அழைத்த நடனக் கலைஞர் மிருணாளினி சாராபாயின் வீடு அது. அடலஜ் படிக்கிணறு, காந்தி ஆசிரமம் என்று பட்டியலோடு வருகிறவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பெரிய நஷ்டம்.

சென்னையிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸ், 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஸ்டேஷன் வாசலில் வாய்க்கு வந்த தொகையைச் சொல்லும் ஆட்டோவில் ஏறவே ஏறாதீர்கள். மீட்டர் போட்டால் ஏறுங்கள், இல்லாவிட்டால் ஸ்டேஷன் இருக்கும் காளுபூரிலேயே மெட்ரோ இருக்கிறது. ஓல்டு ஹைகோர்ட்டில் லைன் மாறி உஸ்மான்புராவில் இறங்கலாம். கையைக் கடிக்காது. ஜனவரி 14 பட்டத் திருவிழாவை ஒட்டிப் போனால் அறை வாடகை எகிறும். பட்ஜெட் பயணத்துக்கு அந்த வாரம் வேண்டாம்.

வீட்டை ஒட்டி இருப்பது தர்ப்பணா. மிருணாளினியும் அவர் கணவர், விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாயும் 1949இல் தொடங்கிய கலைப்பள்ளி. இது அருங்காட்சியகம் இல்லை, வகுப்பு நடக்கும் இடம். சொல்லாமல் கொள்ளாமல் பகலில் போய் நின்றால் பார்க்க ஒன்றும் கிடைக்காது. ஆற்றங்கரையில் ‘நடராணி’ திறந்தவெளி அரங்கு இருக்கிறது. அங்கே நிகழ்ச்சி உள்ள மாலையாகப் பார்த்துப் போங்கள்.

அம்மா சுற்றிய ஊர்களை நினைத்தால் மலைப்பாக இருக்கும். சிறுமியாக ஸ்விட்சர்லாந்தில் இசையின் தாளத்தை உடலசைவால் பழகும் டால்க்ரோஸ் முறையில் பயிற்சி, பிறகு தாகூரின் சாந்திநிகேதன், அமெரிக்காவில் நாடகப் படிப்பு. பரதம் யாரிடம்? பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம்! கதகளி குஞ்சு குறுப்பிடம். 1949இல் பாரிஸில் ஆடினார். இத்தனையும் கற்றவர் அதை அப்படியே திருப்பிச் செய்யவில்லை. சௌராஷ்டிரத்துப் பெண்களின் தற்கொலைச் செய்திகளைப் படித்துவிட்டு ஒரு நடனம் அமைத்தார். அதில் பாட்டு இல்லை, வசனம் இல்லை. வெறும் சொற்கட்டு. தாளக் கணக்குக்காகச் சொல்லும் ‘தத் தித்’தை வைத்தே ஒரு பெண்ணின் சாவைச் சொல்ல முடியும் என்று காட்டியவர் அவர். 2016 ஜனவரி 21இல், 97 வயதில் காலமானார். உடலுக்கு முன்னால் மகள் மல்லிகா ஆடித்தான் வழியனுப்பினார்.

அந்தக் குடும்பத்தின் இன்னொரு பொக்கிஷம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஷாஹிபாகில் இருக்கும் காலிகோ ஜவுளி அருங்காட்சியகம். விக்ரமின் அண்ணன் கௌதமும் சகோதரி கிராவும் 1949இல் தொடங்கியது. முன்பதிவு இல்லாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். சிறு குழுவாகத்தான் உள்ளே அழைத்துப் போவார்கள், போட்டோ கூடாது, புதன்கிழமை விடுமுறை. விளக்கு மங்கலாக இருக்கிறதே என்று எரிச்சல்படாதீர்கள். வெளிச்சம் பட்டால் சாயம் வெளுத்துவிடும்.

உள்ளே, பாட்டன் என்ற ஊரின் பட்டோலா பட்டுச் சேலை முன்னால் மட்டும் நின்று நிதானமாகப் பாருங்கள். பாவு (நீள இழை), ஊடை (குறுக்கு இழை) இரண்டையும் தனித்தனியாக, சாயம் ஏறக்கூடாத இடங்களில் இறுகக் கட்டி, சாயம் தோய்த்த பிறகுதான் தறியில் ஏற்றுவார்கள். நெய்யும்போது இரண்டிலும் உள்ள நிறப்புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். ஓர் இழை நகர்ந்தாலும் சேலையில் வரும் யானை உருவத்தின் ஓரம் கலங்கிப்போகும். அதனால் கொஞ்சம் நெய்வதும், நிறுத்தி ஊசியால் இழைகளை நெம்பிச் சரிசெய்வதுமாகவே வேலை போகும். ஒரு சேலைக்கு மாதக்கணக்கில் ஆவது இதனால்தான். விலையைக் கேட்டுவிட்டு ‘அநியாயம்’ என்பவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

நடராணியில் நிகழ்ச்சி என்றைக்கு என்று முதலில் பாருங்கள், அதற்குத் தோதாகக் காலிகோவுக்குப் பதிவு செய்யுங்கள், ரயில் டிக்கெட் கடைசியில். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். வெயில் 40 டிகிரியைத் தாண்டும், திறந்தவெளி அரங்கில் இருட்டிய பிறகும் சூடு தணியாது.